போலி பிராண்டு உடைகளில் சிக்காமல் இணையத்தில் துணி எடுப்பது எப்படி

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டை ஒட்டியிருக்கும் ஊர்களில், ஓணத்துக்கு ஒரு முறையும் தீபாவளிக்கு ஒரு முறையும் துணி எடுக்கும் காலம் வருகிறது. பேருந்து ஏறிக் கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ போய்க் கடை கடையாகப் பார்த்துத் துணி எடுத்த குடும்பங்களுக்கும் இப்போது பெரும்பகுதி உடை கைப்பேசி வழியாகவே வந்து சேர்கிறது. அதோடு போலியும் வந்து சேர்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணம், ஒரு பெயர் பொறித்த சட்டைக்காகப் போய், அந்தச் சட்டை இரண்டு சலவைக்குள் சாயம் போய்த் தோள் தொங்கிவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பணம் கட்டும் முன்பே கண்டுகொள்ள முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போலியைக் கண்டுபிடிப்பது என்றவுடன் எல்லோரும் தையலையும் முத்திரையையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் இணையத்தில் வாங்கும்போது பணம் கட்டும் வரை துணி நம் கையில் இல்லை. ஒரு படமும் ஒரு விலையும் ஒரு பெயரும்தான் இருக்கின்றன. அந்தப் படம் பெரும்பாலும் அசல் உடையின் படமாகவே இருக்கும். பிராண்டின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்துப் போடுவது எவருக்கும் எளிது. ஆகவே துணியைப் பார்க்கும் முன் விற்பவரைப் பார்க்க வேண்டும். விற்பவர் யார், எங்கிருந்து விற்கிறார், பில் தருவாரா என்ற மூன்று கேள்விகளுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

விற்பவரை அறிவது

பெரிய விற்பனைத் தளங்களில் வாங்குகிறவர்கள் அந்தத் தளமே நமக்கு விற்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தத் தளங்கள் பெரும்பாலும் சந்தைத் திடல் போன்றவை. கடை போட்டிருப்பவர் வேறொருவர். பொருளின் பக்கத்தில் விலைக்குக் கீழே விற்பனையாளரின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் அவருடைய பக்கம் திறக்கும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பனையாளரின் வணிகப் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைத் தளம் நமக்குக் காட்டியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் மிக்ஸி ஜாடியும் கைப்பேசி உறையும் விலை உயர்ந்த பிராண்டு சட்டையும் ஒரே கடையில் விற்கப்படுமானால், அந்தச் சட்டையை ஐயத்துடனேயே பார்க்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே பொருள் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருக்கலாம். நீல நிறத்தில் நடுத்தர அளவைப் பார்க்கும்போது பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் இருப்பார். அளவை மாற்றித் தொட்டவுடன் பெயர் மாறி, கேள்விப்படாத வேறொருவர் வந்துவிடுவார். எனவே நிறமும் அளவும் முடிவான பிறகு, பணம் கட்டும் பக்கத்தில் மறுபடி ஒரு முறை விற்பனையாளர் பெயரைப் படியுங்கள். அந்தப் பெயர் அங்கீகாரம் பெற்றதுதானா என்று அறிய, பிராண்டின் சொந்தத் தளத்தில் கடைகளையும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களையும் பட்டியலிடும் பக்கத்தைப் பார்க்கலாம், அல்லது அவர்களுடைய சேவை மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.

விற்பது இன்ஸ்டாகிராம் பக்கமோ தனி இணையதளமோ என்றால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். அது 15 எழுத்துகளும் எண்களும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37, தில்லிக்கு 07. அடுத்த பத்தும் அந்த வணிகரின் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்நுழையாமலே இந்த எண்ணைத் தேடலாம். வணிகப் பெயர், பதிவான நாள், பதிவு இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருப்பூரிலிருந்து நேரடி விற்பனை என்று விளம்பரம் செய்பவரின் எண் 07-இல் தொடங்கினால் என்ன காரணம் என்று கேளுங்கள். பல ஆண்டுகளாகக் கடை நடத்துவதாகச் சொல்பவரின் பதிவு சென்ற மாதத்தது என்றால் அதையும் கேளுங்கள்.

"நாங்கள் சின்ன வியாபாரிங்க, ஜிஎஸ்டி இல்லைங்க" என்ற பதிலும் வரும். உள்ளூரில் விற்கும் சிறு வியாபாரிக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்லையோரத்தில் வாழும் நாம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: திருப்பூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குச் சட்டை அனுப்புவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது. வரிக்குட்பட்ட பொருளை அப்படி விற்பவர், சில கைவினைப் பொருள்களுக்கான விலக்கு நீங்கலாக, விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பிராண்டு சட்டை அந்த விலக்கில் வராது.

தனி இணையதளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருப்பதால் தளம் நம்பத்தக்கது என்று பொருளல்ல. நீங்கள் அனுப்பும் தகவல் வழியில் திருடப்படாது என்பது மட்டுமே அதற்குப் பொருள், அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பது வேறு கேள்வி. பிராண்டின் பெயருக்குப் பின்னால் சேல், அவுட்லெட், இந்தியா என்று ஒட்டுச் சொற்கள் சேர்ந்த முகவரிகளை நம்பாமல், பிராண்டின் செயலியிலோ பழைய பில்லிலோ உள்ள முகவரியோடு ஒப்பிடுங்கள். இணைய முகவரிகளின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் முகவரி எப்போது பதிவானது என்று தெரியும். ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பு பிறந்த தளம் எல்லாப் பொருளுக்கும் எண்பது சதவீதத் தள்ளுபடி தருகிறது என்றால் அதை அப்படியே மூடிவிடலாம்.

திருப்பூர் சர்ப்ளஸ் என்ற பெயரில்

நம் பக்கத்தில் அதிகம் ஏமாறுவது சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, என்ற இந்தச் சொல்லில்தான். திருப்பூர் நமக்கு அருகில் இருக்கிறது. உறவினர் யாராவது அங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்திருப்பார். உலகப் புகழ் பெற்ற பிராண்டுகளுக்கு அங்கே தைக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் பொய் நுழைகிறது.

ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் நிறுவனங்கள், தையலில் குறை வந்து சில உடைகள் கழிந்தாலும் கேட்ட எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காகச் சிறிது கூடுதலாகவே தைக்கின்றன. அப்படி மிஞ்சியவையும், தரச் சோதனையில் தள்ளப்பட்டவையும், ரத்தான ஆர்டர்களின் உடைகளும் காதர்பேட்டை போன்ற மொத்தச் சந்தைக்கு வருகின்றன. இதுதான் உண்மையான சர்ப்ளஸ். இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. வெளிச்சந்தைக்கு விடும்போது தங்கள் பெயர் தெரியக் கூடாது என்று பிராண்டுகள் நிபந்தனை வைப்பதால், கழுத்து லேபிள் பெரும்பாலும் கத்தரிக்கப்பட்டிருக்கும் அல்லது குறுக்கே வெட்டப்பட்டிருக்கும். அளவுகள் ஒழுங்காகக் கிடைக்காது. எஸ் நான்கு இருக்கும், எல் ஒன்றும் இருக்காது. நிறமும் இரண்டு மூன்றுக்கு மேல் இராது. எங்கோ ஒரு சிறு குறை இருக்கும்: ஒரு தையல் தவறியிருக்கும், அல்லது அச்சு சற்றே நகர்ந்திருக்கும்.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் வரும் சர்ப்ளஸைப் பாருங்கள். எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லா அளவும் உண்டு, பத்து நிறம் உண்டு, லேபிள் முழுதாக உண்டு, விலைச் சீட்டும் பளபளக்கும் பாலித்தீன் உறையும் உண்டு. அடுத்த மாதம் கேட்டாலும் அதே மாடல் கிடைக்கும். மிஞ்சிய சரக்கு தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? தீராமல் வந்துகொண்டே இருப்பது மிச்சமல்ல, புதிதாகத் தைத்துப் பெயர் ஒட்டிய சரக்கு. உரையாடலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும்.

"அண்ணா, இது ஒரிஜினல்தானுங்களா?"

"நூறு பர்சென்ட் ஒரிஜினல்ங்க, கம்பெனி சர்ப்ளஸ்."

"பில் கிடைக்குங்களா?"

"சர்ப்ளஸுக்கு பில் வராதுங்க தம்பி, அதனாலதான் இந்த ரேட்டு."

சர்ப்ளஸ் சரக்குக்கும் பில் உண்டு. பதிவு பெற்ற வணிகர் எந்தச் சரக்கை விற்றாலும் பில் போட வேண்டும். பில் வராது என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மேலும் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. திருப்பூரின் பலம் பின்னலாடை, அதாவது டி-ஷர்ட், போலோ, உள்ளாடை, பைஜாமா வகை. திருப்பூர் சர்ப்ளஸ் ஜீன்ஸ் என்று ஒருவர் குவித்து வைத்து விற்றால், அது எங்கே தைக்கப்பட்டது என்று கேட்பது நியாயம். ஜீன்ஸ் தையலுக்குப் பெயர் பெற்றது கர்நாடகத்தின் பல்லாரி. அடுத்து, அமெரிக்காவுக்குப் போக வேண்டிய உடையின் உள் லேபிளில் நூல் வகை, தயாரான நாடு ஆகியவற்றுடன் ஆர்என் என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் அது எந்த நிறுவனத்துக்கு உரியது என்று வரும். லேபிளில் ஒரு பிராண்டும் தேடலில் தொடர்பே இல்லாத வேறொரு நிறுவனமும் வந்தால் விஷயம் தெளிவாகிவிடும். எண் பொருந்துவதால் மட்டும் அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், எண்ணையும் நகலெடுக்கிறார்கள்.

லேபிள் வெட்டிய உண்மையான சர்ப்ளஸை, துணிக்காகவும் தையலுக்காகவும், பெயருக்காக அல்லாமல் குறைந்த விலைக்கு வாங்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அது நல்ல பேரம். பெயருக்காகப் பணம் கொடுக்கும்போதுதான் பெயர் உண்மையாக இருக்க வேண்டும்.

விலையும் வார்த்தைகளும்

பருவ முடிவு விற்பனையில் பிராண்டுகளே பாதி விலைக்குத் தருவதுண்டு, ஆகவே தள்ளுபடி இருப்பதாலேயே போலி என்று ஒதுக்க முடியாது. செய்ய வேண்டியது இதுதான்: விற்பவரிடம் உடையின் விலைச் சீட்டையும் உள் லேபிளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணைப் பிராண்டின் தளத்தில் தேடுங்கள். அதே நிறத்தில் அதே உடை வர வேண்டும். சட்டையின் எண்ணைத் தேடினால் காற்சட்டை வருகிறது என்றால் சீட்டு எங்கிருந்தோ நகலெடுக்கப்பட்டது. படம் அனுப்ப மறுப்பவரிடமும், எப்போதோ எடுத்த படத்தை அனுப்புபவரிடமும் வாங்க வேண்டாம். அன்றைய தேதியை எழுதிய ஒரு தாளை உடையின் மேல் வைத்துப் படமெடுக்கச் சொல்வது நல்ல பழக்கம்.

பர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, செவன் ஏ குவாலிட்டி, மிரர் என்பவை தர வரிசைப் பெயர்கள் போல் ஒலிக்கின்றன. அவை அனைத்தும் போலியின் பெயர்களே. எந்தப் பிராண்டும் அப்படி ஒரு தரத்தைத் தயாரிப்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின்படி போலிச் சின்னம் இட்ட பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வாங்கி நண்பர்களுக்கு லாபம் வைத்து விற்கும் கல்லூரி மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மறுவிற்பனை என்பதும் விற்பனைதான்.

பொட்டலம் வந்தவுடன்

பிரிக்கும் முன் கைப்பேசியை நிலையாக வைத்து, முகவரிச் சீட்டு தெரிவதிலிருந்து உடையை விரித்துக் காட்டுவது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பிறகு வரும் எல்லாப் புகாருக்கும் இதுவே முதல் சாட்சி. சீட்டுகளைக் கத்தரிக்காமல், உடுத்திப் பார்க்கும் ஆசையைச் சற்றே தள்ளிவைத்து, உடையை உட்புறமாகத் திருப்புங்கள்.

லாகோஸ்தின் வழக்கமான போலோ சட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் பச்சை முதலை தனியாகச் செய்யப்பட்டு, விளிம்போரம் கண்ணுக்கு எளிதில் படாத நூலால் சட்டையில் தைக்கப்படுகிறது. உட்புறம் பார்த்தால் மெல்லிய வெளிக்கோடுதான் தெரியும். போலிகளில் பெரும்பாலும் முதலையை நேரடியாகத் துணியிலேயே எம்பிராய்டரி போட்டிருப்பார்கள். உட்புறம் நூல் குவியலும் வெள்ளைத் தாங்கு துணியும் முதலை வடிவத்திலேயே இருக்கும். அசலின் பொத்தான்கள் முத்துச்சிப்பியால் ஆனவை: தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், ஒன்றின் மினுமினுப்பு மற்றதைப் போல் இராது. பிளாஸ்டிக் பொத்தான்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும்.

குதிரை வீரர் சின்னத்தில் வேறு வகைக் குழப்பம் உண்டு. ரால்ப் லாரன் சட்டையில் ஒரு குதிரை வீரர். யுஎஸ் போலோ அசோசியேஷன் சின்னத்தில் இருவர். இரண்டும் வெவ்வேறு பிராண்டுகள், இரண்டும் அசல், விலை மட்டும் வெகுவாக வேறுபடும். இரண்டாவதை வாங்கிவிட்டு முதலாவது என்று நினைத்து ஏமாந்ததாகப் புலம்புபவர்களும் உண்டு, இரண்டாவதைக் காட்டி முதலாவதன் பெயரைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. வாங்கும் முன் பிராண்டின் முழுப் பெயரையும் படியுங்கள்.

அவசரப்பட்டு அசலைப் போலி என்று சொல்லிவிடவும் கூடாது. லீவைஸ் ஜீன்ஸின் பின்பையில் 1936 முதல் வரும் சிவப்புப் பட்டையில் பெயரே இல்லாமல், வட்டத்துக்குள் ஆர் எழுத்து மட்டும் இருப்பதும் அசலில் உண்டு. ஒய்கேகே என்று பொறித்த ஜிப் இருப்பதால் மட்டும் உடை அசலாகிவிடாது. அந்த ஜப்பானிய நிறுவனத்தின் ஜிப்பும் போலியாகக் கிடைக்கிறது, வேறு ஜிப் போடும் நல்ல பிராண்டுகளும் இருக்கின்றன. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல், பல அடையாளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். உள் லேபிளில் எண்பது சதவீதம் பருத்தி, விலைச் சீட்டில் நூறு சதவீதம் பருத்தி என்று இருந்தால், தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஐயப்படுங்கள்.

பில்லையும் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உடையின் விலை 2,500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 5 சதவீத வரியோடு பில் அனுப்பியிருந்தால், அல்லது பில்லில் சட்டையின் பிராண்டு பெயரே இல்லாமல் மென்ஸ் வேர் என்று மட்டும் இருந்தால், பில்லையே ஒப்புக்குத் தயாரித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

கசவிலும் பட்டிலும்

பிராண்டு என்றால் வெளிநாட்டுப் பெயர்தான் என்று நினைக்க வேண்டாம். பாலக்காட்டுக்கு அருகே திருவில்வாமலையை அடுத்த குத்தாம்புள்ளியில் தேவாங்க நெசவாளர்கள் நெய்யும் சேலைக்கு 2011-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேந்தமங்கலம், பாலராமபுரம் நெசவுகளுக்கும் உண்டு. ஓணம் நெருங்கும்போது இந்தப் பெயர்களில் விசைத்தறித் துணிகள் இணையம் முழுவதும் விற்கப்படுகின்றன. விசைத்தறித் துணி குற்றமல்ல. கைத்தறி என்று பெயரிட்டுக் கைத்தறி விலைக்கு விற்பதுதான் குற்றம், அந்தப் பணம் நெசவாளியின் வீட்டுக்குப் போகாமலே போய்விடுகிறது.

செட்டுமுண்டு, அதாவது கேரளப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்தும் கரை வைத்த உடை, கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இருக்க இரு கரைகளையும் முள் வைத்த கட்டையால் இழுத்துப் பிடிப்பதால், கைத்தறித் துணியின் ஓரம் நெடுகச் சிறு துளைகள் இருக்கும். நெசவில் அங்கங்கே இழை நெருக்கம் கொஞ்சம் மாறும். முழுக்க முழுக்க ஒரே சீராக இருப்பது பெரும்பாலும் விசைத்தறி. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. பட்டுக்குச் சில்க் மார்க் 2004-இல் வந்தது. இரண்டிலும் எண் உள்ள சீட்டு உடையோடு இணைந்திருக்க வேண்டும், தளத்தில் படமாக மட்டும் இருந்தால் போதாது. கல்யாணப் பட்டில் ஐயம் வந்தால் முந்தானை ஓரத்திலிருந்து ஓரிரு இழை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம்: பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கூட்டுறவுச் சங்கங்களின் தளங்களிலும் கோ-ஆப்டெக்ஸ், ஹான்டெக்ஸ் போன்ற நிறுவனங்களிலும் வாங்கினால் இந்தச் சோதனைகளின் தேவை வெகுவாகக் குறையும்.

பணமும் புகாரும்

அறியாத கடைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். தனி நபரின் யுபிஐ எண்ணுக்குப் போன பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்; கடன் அட்டையில் கட்டியிருந்தால் பொருள் போலி என்று வங்கியில் மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டிய பிறகு ஒப்படைக்கும் வசதி தளத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அழைத்து யுபிஐ பின் எண்ணைப் போடச் சொல்பவர் உங்களிடமிருந்து இன்னும் பணம் எடுக்கப் பார்க்கிறார். பணம் பெற பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

போலி வந்துவிட்டால், விற்பவர் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதி வைத்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாக ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கவும் அவர் கடமைப்பட்டவர். நாங்கள் வெறும் இடைத்தரகர் என்று தளம் கைவிரித்தால், விற்பனையில் முனைந்து பங்கெடுக்கும் தளம் அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று கிறிஸ்டியன் லூபுட்டான் என்ற காலணி பிராண்டு தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் கூறியிருக்கிறது. அங்கே பலன் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளே வராமல் தளமும் மறைந்துவிட்டால் அது இணைய மோசடி. தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

விற்பவர் தில்லியிலோ சூரத்திலோ இருப்பதால் வழக்குப் போட அங்கே போக வேண்டுமோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியில் குடியிருப்பவர் கோயம்புத்தூரில் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், பணம் கட்டிய சான்று, பொருள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உரையாடல், பொட்டலம் பிரித்த வீடியோ ஆகியவற்றை அன்றைக்கே சேமித்து வையுங்கள். புகார் போனவுடன் விற்பவர் தன் பக்கத்தை அழித்துவிடுவார். தீர்வு வரும் வரை அந்த உடையை உடுத்தவோ துவைக்கவோ வேண்டாம், சீட்டுகளோடு அப்படியே மடித்து வையுங்கள்.